காத்து எவ்ளோ சார்?



போன வாரம் மெஸ் சாம்பாரைப் பத்தி எழுதப் போய், ஹாஸ்டல் பசங்க என்னைத் தேடிக்கிட்டிருக்காங்க. அதனால இந்த வாரம் யாருக்கும் வம்பில்லாத ஒரு மேட்டர். காத்து!

சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன்.

மயிலாப்பூர் லஸ் பக்கமாகட்டும், தி.நகர் ஜி.என்.செட்டி ரோடாகட்டும், அடையாறு எல்.பி.ரோடாகட்டும்... பெட்ரோல் பங்க்குக்குப் போனா ஓரத்துல காத்தடிக்கிற மெஷின் ஒண்ணு நிக்கும். பக்கத்துல ஸ்டூல் போட்டு ஓர் அண்ணன் உட்கார்ந்திருப்பார். டியூபைக் கையில எடுத்துக்கிட்டே, ‘காத்து எவ்ளோ சார்?’னு கேட்பார். அந்தக் கேள்விக்கு நம்ம ஆட்கள் சொல்ற பதில் இருக்கே... ஆஹா!

‘எல்லாருக்கும் போடுற மாதிரி போடுங்க!’ - இது ஒரு டைப். ‘நீங்களே பாத்துப் போடுங்கண்ணே!’ - இது பணிவு டைப். ‘ஒரு முப்பத்தஞ்சு வையுங்க...’ - இது தெரிஞ்ச மாதிரியே பில்டப் கொடுக்கிற டைப். நான் மூணாவது டைப். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூணாவது வருஷமாச்சே, சும்மாவா?

அந்த பில்டப் கிழிஞ்சு தொங்கின கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

ஈ.சி.ஆர்.ல வாங்கின பல்பு

செமஸ்டர் லீவு. மகாபலிபுரம் போலாம்னு பிளான். அப்பா முதல் முறையா வண்டிச் சாவியைத் தூக்கிக் கொடுத்தார். பன்னெண்டு வருஷ ஹேட்ச்பேக். அப்பாவுக்கு நானும் தங்கச்சியும் ஒண்ணு, ரெண்டு. அந்த வண்டி மூணாவது புள்ளை. ‘பாத்துடா...’ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தை ஒரு மணி நேர அட்வைஸுக்குச் சமம்.

மந்தைவெளியில கிளம்பும்போது நாங்க அஞ்சு பேர், பின்னாடி நாலு பேக், ஒரு கிரிக்கெட் கிட், ரெண்டு கேன் தண்ணி. ஃப்ரெண்டு ஒருத்தன் பின்பக்க இடது டயரைக் காட்டி, ‘மச்சி, கொஞ்சம் தொப்பையா தெரியுதேடா...’ன்னான். நான் சொன்ன பதிலை இன்னிக்கு நெனைச்சாலும் கூசுது. ‘அது ரேடியல் டயர்டா. அப்படித்தான் தெரியும். நீ கம்ப்யூட்டர் சயின்ஸ், உனக்குப் புரியாது!’

திருவான்மியூர் தாண்டினதும் வண்டி லேசா ஒரு பக்கம் இழுத்துச்சு. ரோடு சரியில்லன்னு நெனைச்சேன். நீலாங்கரை தாண்டி ஒரு வளைவுல பின்பக்கம் மட்டும் கொஞ்சம் ஆடுச்சு. லோடுதான் காரணம்னு நெனைச்சேன். அப்புறம் ரப்பர் கருகுற மாதிரி ஒரு வாசனை. இதுக்கு மேல நெனைக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஓரமா ஒரு பஞ்சர் கடையைப் பார்த்து நிறுத்திட்டேன்.

கடைக்கார அண்ணன் டயர் மேல கை வெச்சார். வெச்ச வேகத்துலயே எடுத்துட்டார். கேஜை வெச்சுப் பார்த்தா... 18! மத்த மூணும் 24, 25. சின்ன ஆணி ஒண்ணு குத்தி, நாள்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா காத்து இறங்கியிருக்கு.

“தம்பி எந்த காலேஜு?”

“இன்ஜினியரிங்ணே...”

“அதுல என்னா?”

“மெக்கானிக்கல்...” - குரல் எனக்கே கேட்கல.

அண்ணன் சிரிக்கவே இல்ல. சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து மூடுற தூண்ல அழுக்கு அப்பிக்கிடந்த ஒரு ஸ்டிக்கரைத் துணியால துடைச்சார். “இதைப் படிச்சியா? வண்டி வந்த அன்னிக்கே ஒட்டி அனுப்பிச்சிருக்கான். அஞ்சு பேரு ஏறிட்டு, இந்த டயர்ல இன்னும் கொஞ்ச தூரம் எண்பதுல போயிருந்தீன்னா, நீ என்கிட்ட வந்திருக்க மாட்டே.”

பின்னாடி நின்ன நாலு பேரும் பேசல. அந்த நாலு பேரோட வீட்டுலயும் ஒரு அப்பா ‘பாத்துடா’ன்னு சொல்லித்தான் அனுப்பியிருப்பார் இல்லையா?

அந்த ஸ்டிக்கர்ல என்ன இருக்கு?

பெரும்பாலான கார்கள்ல இந்த ஸ்டிக்கர் டிரைவர் கதவுத் தூண்ல இருக்கும். சில வண்டிகள்ல பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும். கிடைக்கலைன்னா, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம டேஷ்போர்டுல தூங்குற ஓனர்ஸ் மேனுவல்ல கட்டாயம் இருக்கும்.

அதுல டயர் சைஸ், முன் டயருக்கு எவ்ளோ காத்து, பின் டயருக்கு எவ்ளோன்னு போட்டிருக்கும். ரெண்டு பேர் போனா ஒரு கணக்கு, ஃபுல் லோடு போனா ஒரு கணக்குன்னு ரெண்டு வரிசையும் இருக்கலாம். எங்க வண்டியில சாதாரணமா முன்னாடி 30, பின்னாடி 30. ஃபுல் லோடுன்னா பின்னாடி மட்டும் 36. இது எங்க வண்டி நம்பர். காப்பி அடிச்சிடாதீங்க. உங்க வண்டிக்கு வேற இருக்கும். ரெண்டு கார் பார்க்க ஒரே சைஸா இருந்தாலும் எடை வேற, சஸ்பென்ஷன் வேற, டயர் வேற.

ஆக, 36 இருக்க வேண்டிய இடத்துல 18 வெச்சுக்கிட்டு நான் போயிருக்கேன். சரிபாதி! இன்டர்னல்ல பாதி மார்க் வந்தா பாஸ். டயர்ல பாதின்னா...

காத்து ஏன் குறையக் கூடாது?

இந்த இடத்துல கொஞ்சூண்டு இன்ஜினியரிங். தூங்கிடாதீங்க, அஞ்சே வரி.

ஆட்களோட சேர்த்து வண்டி எடை ஆயிரம் கிலோன்னு வெச்சுக்குவோம். நாலு டயருக்கும் சமமாப் பிரிச்சா, ஒரு டயர் மேல 250 கிலோ. இந்த எடையைத் தாங்குறது பெரும்பாலும் உள்ளே இருக்கிற காத்துதான், ரப்பர் இல்ல. 30 பி.எஸ்.ஐ.ன்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. 250-ஐ 2.1-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 119 சதுர சென்டிமீட்டர். நம்ம தபால் கார்டு இருக்கே, அது 14-க்கு 9 சென்டிமீட்டர், அதாவது 126. ஒரு டயர் ரோட்டைத் தொடுற இடம் ஒரு தபால் கார்டு சைஸ்தான். நாம அஞ்சு பேரும் நம்ம கிரிக்கெட் கிட்டும் ஈ.சி.ஆர்.ல போறது நாலு தபால் கார்டு மேல!

காத்து குறைஞ்சா டயர் சப்பையாகி, அந்தக் கார்டு பெருசாகும். ‘நல்லதுதானே, கிரிப் கூடுமே’ன்னு தோணும். (எனக்கும் தோணுச்சு.) ஆனா, சக்கரம் சுத்துற ஒவ்வொரு சுத்துலயும் டயரோட பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிருது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா சூடாகி உடையும் இல்லையா, அதே கதை. எண்பது கிலோமீட்டர் வேகத்துல ஒரு நிமிஷத்துக்கு எழுநூறு தடவைக்கு மேல மடங்கணும். சூடு ஏறும், உள்ளே இருக்கிற அடுக்குகள் ஒண்ணை விட்டு ஒண்ணு பிரியும், அப்புறம் டமால். லோடு கூட இருந்தா இன்னும் சீக்கிரம். மே மாச ரோடா இருந்தா கேட்கவே வேணாம்.

இது பயமுறுத்துற கதை இல்ல, உலகமே பார்த்த கதை. அமெரிக்காவுல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள்ல மாட்டியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே பட்டை பிரிஞ்சு, வண்டிகள் உருண்டு, 200 பேருக்கு மேல இறந்துபோனாங்க. 2000-ஆம் வருஷம் ஆகஸ்ட்ல 65 லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கினாங்க. அப்போ கிளம்பின பெரிய சண்டையில ஒரு பாயின்ட் என்ன தெரியுமா? கார் கம்பெனி சொன்ன காத்து 26 பி.எஸ்.ஐ., டயர் கம்பெனி சொன்னது 30. ‘நீ சொன்ன காத்து கம்மி’ன்னு இவங்க, ‘உன் டயரே சரியில்ல’ன்னு அவங்க. விசாரணையில டயர்லயே குறை இருந்தது தெரிய வந்தது. ஆனா, நாலு பி.எஸ்.ஐ. வித்தியாசம் எவ்ளோ பெரிய விஷயம்னு உலகத்துக்குப் புரிஞ்சதும் அப்போதான். அதே வருஷம் அங்கே சட்டம் வந்தது. காத்து குறைஞ்சா டேஷ்போர்டுல லைட் எரியற சிஸ்டத்தை, 2007 செப்டம்பர்ல இருந்து அங்கே புதுக் கார் எல்லாத்துலயும் கட்டாயமாக்கினாங்க.

‘எங்க கார்லயும் அந்த லைட் இருக்கே’ன்னு காலரைத் தூக்கிவிடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க விதிப்படி அந்த லைட் எரிய வேண்டியது, காத்து 25 சதவிகிதம் குறைஞ்ச பிறகுதான். 30 இருக்க வேண்டிய டயர் 24-ல ஓடினாலும் அது கம்முனு இருக்கலாம். லைட் எரியலைன்னா எல்லாம் ஓ.கே.ன்னு அர்த்தம் இல்ல.

கூடினாலும் ஆபத்து!

சரி, குறைஞ்சா ஆபத்துன்னா எக்ஸ்ட்ராவா அடிச்சுக்கலாமே? இந்த ஐடியாவுல பல்பு வாங்கினது என் அடையாறு ஃப்ரெண்டு.

அவன் கதவுத் தூணைப் பார்க்கல, டயரையே படிச்சான். டயரோட பக்கச்சுவர்ல 44 பி.எஸ்.ஐ.ன்னு போட்டிருந்தது. ‘டயர் கம்பெனிக்காரனே சொல்லிட்டான்’னு மாசா மாசம் 44 அடிச்சான். ஆனா, அந்த நம்பருக்கு முன்னாடி ‘மேக்ஸ்’னு ஒரு வார்த்தை இருந்தது. அதை அவன் படிக்கல. அது அந்த டயர் தாங்குற உச்சபட்ச அளவு, உங்க வண்டிக்குப் போட வேண்டிய அளவு இல்ல. மாத்திரைக் கவர்ல ‘ஒரு நாளைக்கு அதிகபட்சம்’னு போட்டிருந்தா, தலைவலி இல்லாதப்பவும் அத்தனையும் முழுங்குவோமா?

டயர் பலூன் மாதிரி நடுவுல உப்பி, நடுப்பகுதி மட்டுமே ரோட்டைத் தேய்ச்சிருக்கு. ஒண்ணரை வருஷத்துல நாலு டயருக்கும் நடு மண்டையில மட்டும் வழுக்கை. ஓரமெல்லாம் புதுசு மாதிரி! வெளியில நின்னு பார்த்தா ஓரம்தானே தெரியும்? நவம்பர் மழையில திரு.வி.க. பாலத்துல பிரேக் போட்டப்போ வண்டி நிக்கவே இல்ல. முன்னாடி போன ஆட்டோவுக்கு அரை அடி இருக்கும்போதுதான் நின்னுச்சு. மறுநாள் அவங்க அம்மா, சீட்டு எடுத்த காசுல நாலு டயர் வாங்கினாங்க. அவன் இன்னும் அம்மா முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறான்.

டயர்ல படிக்க வேண்டியது வேற இருக்கு. பள்ளத்துக்குள்ள சின்னச் சின்ன ரப்பர் மேடு தெரியும். பட்டை தேய்ஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா, மிச்சம் இருக்கிறது 1.6 மில்லிமீட்டர்தான். அதுக்கு மேல அந்த டயருக்கு டாட்டா காட்டிடணும். அப்புறம் நாலு இலக்கத்துல ஒரு நம்பர். 2321-ன்னு இருந்தா, 2021-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். அடுத்த தடவை ‘புது டயர் சார்’னு கடையில நீட்டினா, விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி இந்த நம்பரைப் பாருங்க.

டயர் மேட்டர் நம்ம ஊருக்கு ஒண்ணும் புதுசில்ல. எம்.ஆர்.எஃப். கம்பெனியை 1946-ல திருவொற்றியூர்ல கே.எம்.மம்மன் மாப்பிள்ளை ஆரம்பிச்சப்போ, அங்கே தயாரானது டயர் இல்ல, பொம்மை பலூன்! பலூன்ல காத்து அடிச்சு டயர் வரைக்கும் வந்த ஊர்ல இருந்துக்கிட்டு, ‘எல்லாருக்கும் போடுற மாதிரி போடுங்க’ன்னு சொன்னா எப்படி பாஸ்?

எப்போ செக் பண்ணணும்?

ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற நம்பர், டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. காலையில வண்டி எடுத்ததும், ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற பங்க்குக்குப் போயிடணும்.

ஏன்னா, ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் இங்கேதான் வந்து நிக்குது. கன அளவு மாறாம இருந்தா, சூடு ஏற ஏற அழுத்தம் ஏறும். கேஜ் 30 காட்டினா, வெளிக்காத்தோட அழுத்தம் 14.7-ஐயும் சேர்த்து உள்ளே இருக்கிறது 44.7. டயருக்குள்ள 10 டிகிரி சூடு ஏறினா, சுமார் ஒண்ணரை பி.எஸ்.ஐ. கூடும். அடுக்குமாடியோட அடித்தளப் பார்க்கிங்ல குளுகுளுன்னு நின்ன வண்டி, பனகல் பார்க் வெயில்ல ஒரு மணி நேரம் டிராஃபிக்ல ஊர்ந்து பங்க்குக்கு வந்தா, கேஜ் மூணு நாலு பி.எஸ்.ஐ. கூடக் காட்டலாம். ‘அய்யோ, ஜாஸ்தியா இருக்கே’ன்னு அப்போ காத்தை இறக்கிட்டா, ராத்திரி டயர் ஆறினதும் கம்மியாகிடும். மறுநாள் காலையில கம்மிக் காத்துலயே வண்டி எடுப்பீங்க. அதனால, சூடான டயர்ல காத்தை இறக்காதீங்க.

ஆணி குத்தலைன்னாலும் மாசத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்கு டயர்ல காத்து தானாவே குறையும். எங்க வண்டி ஆறு மாசம் முன்னாடி சர்வீஸ்ல அடிச்ச 30-ஓட நின்னது. மத்த மூணு டயர் 24, 25 ஆன ரகசியம் அதுதான். கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்கிறதும் நடக்காது. ரேடியல் டயர் நல்லா இருக்கும்போதே கொஞ்சம் தொப்பை போட்டுத்தான் நிக்கும். ஆக, அன்னிக்கு நான் என் ஃப்ரெண்டுகிட்ட சொன்ன தியரி கரெக்ட். கேஜ் வெச்சுப் பார்க்காததுதான் தப்பு. பாதி தெரிஞ்சவன் ஒண்ணுமே தெரியாதவனை விட டேஞ்சர்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

‘நைட்ரஜன் அடிங்க சார், ஸ்பெஷல்’னு காசு கேட்பாங்க. நைட்ரஜன் அடிக்கிறதுல தப்பு இல்ல. ஆனா, நீங்க மூச்சு விடுற காத்துலயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். அதைப் போட்டாலும் மாசா மாசம் செக் பண்ணித்தான் ஆகணும்.

மைலேஜ் கணக்கு

காத்து சரியா இருந்தா பெட்ரோல் எக்கச்சக்கமா மிச்சமாகும்னு ஃபார்வர்டு மெசேஜ் வருதே, உண்மையா? கொஞ்சம் உண்மை, மிச்சம் பில்டப். நாலு டயர்லயும் சராசரியா ஒரு பி.எஸ்.ஐ. குறைஞ்சா 0.2 சதவிகிதம் மைலேஜ் போகும்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுது. எங்க வண்டியில சராசரியா ஏழு குறைஞ்சிருந்தது. அதாவது 1.4 சதவிகிதம். 35 லிட்டர் டேங்குக்கு அரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வெச்சா 50 ரூபாய். பெசன்ட் நகர் பீச்ல சுண்டல் வாங்கலாம், அவ்வளவுதான். காத்து செக் பண்றது காசுக்காக இல்ல, உயிருக்காக. சுண்டல் போனஸ்.

இதைவிட மைலேஜ்ல கை வைக்கிற விஷயம் பெட்ரோல் மூடியில இருக்கு. ஸ்டிக்கர் நம்பர் டூ!

நம்ம பெட்ரோல்ல எத்தனால் கலக்கிறாங்க. 2030-க்குள்ள 20 சதவிகிதம்னு இருந்த இலக்கை முன்னாடி இழுத்து, 2025-லயே எட்டிட்டாங்க. அதுதான் இ20. ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கிற சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. அதனால, சுத்தமான பெட்ரோலுக்காக வடிவமைச்ச காருக்கு இ20-யால மைலேஜ் 6-7 சதவிகிதம் குறையலாம்னும், இ10-க்கு வடிவமைச்சு இ20-க்கு டியூன் பண்ணின காருக்கு 1-2 சதவிகிதம்தான் குறையும்னும் 2021-ல நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சொல்லுது.

2023 ஏப்ரல்ல இருந்து வந்த வண்டிகள்ல இ20-யைத் தாங்குற பாகங்கள் இருக்கு. வண்டி எதுவரைக்கும் தாங்கும்னு மூடியிலயோ மேனுவல்லயோ பாருங்க. எங்க வண்டி மேனுவல்ல 10 சதவிகிதம் வரைன்னு இருக்கு. அதுக்காகப் பதற வேணாம். பழைய வண்டியில சில ரப்பர் பாகங்களை 20,000 - 30,000 கிலோமீட்டருக்கு அப்புறம் மாத்த வேண்டியிருக்கலாம், சாதாரண சர்வீஸ்லயே முடியுற வேலைன்னு 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. அடுத்த சர்வீஸ்ல ‘ஃபியூயல் ஹோஸ், கேஸ்கட் பாத்துடுங்கண்ணே’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொன்னாத்தான் பார்ப்பாங்க.

சென்னைக்காரங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா குறிப்பு. எத்தனால் தண்ணியை இழுக்கும். தண்ணி அளவு மீறினா, எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பிரிஞ்சு டேங்க்குக்கு அடியில போய் உட்காரும். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. வண்டி தண்ணியில முங்கியிருந்தா, சாவியைத் திருகிப் பார்க்கிற வேலையே வேணாம். நேரா மெக்கானிக்குக்கு போன் போடுங்க.

அப்புறம், ‘வெயில் காலத்துல டேங்க் ஃபுல் பண்ணினா வெடிக்கும், இந்தியன் ஆயிலே சொல்லிருக்கு’ன்னு வருஷா வருஷம் ஒரு மெசேஜ் வரும். அப்படிச் சொல்லவே இல்லைன்னு அந்த நிறுவனமே மறுத்திருக்கு. ஃபுல் பண்ணலாம். ஆனா, பம்ப் தானா ‘டக்’னு நின்னதும் நிறுத்திக்குங்க. ‘ரவுண்டு பண்ணிடுங்கண்ணே’ன்னு கழுத்து வரைக்கும் ஊத்தாதீங்க.

பங்க்ல நமக்கு உரிமையும் இருக்கு. காத்து இலவசம். பெட்ரோல் தரத்துல சந்தேகம்னா ஃபில்டர் பேப்பர் டெஸ்ட் கேட்கலாம். அளவுல சந்தேகம்னா அஞ்சு லிட்டர் அளவைப் பாத்திரத்துல பிடிச்சுக் காட்டச் சொல்லலாம். சண்டை போடாம, சிரிச்சுக்கிட்டே கேளுங்க. வேலை நடக்கும்.

கட் பண்ணி ஒட்டிக்குங்க!

1. கதவுத் தூண் ஸ்டிக்கரை இன்னிக்கே மொபைல்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. பங்க் அண்ணன் கேட்டா, நம்பரைச் சொல்லுங்க.

2. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையும், லாங் டிரைவுக்கு முன்னாடியும், காலையில டயர் ஆறியிருக்கும்போது செக் பண்ணுங்க.

3. அஞ்சு பேர், பேக் எல்லாம் ஏத்தினா ஃபுல் லோடு நம்பர். திரும்பி வந்ததும் பழைய நம்பருக்கு மாத்திடுங்க.

4. ஸ்டெப்னியை மறந்துடாதீங்க. அவசரத்துக்கு எடுக்கும்போது அதுலயும் காத்து இல்லைன்னா அழுகைதான் வரும்.

5. ஒரே டயர்ல மட்டும் திரும்பத் திரும்பக் காத்து குறைஞ்சா, அடிச்சுக்கிட்டே இருக்காதீங்க. ஆணியோ வால்வோ ஏதோ சொல்லுது. பஞ்சர் கடைக்குப் போங்க.

6. சொந்தமா ஒரு கேஜ் வாங்கிக்குங்க. ரெண்டு தடவை கேன்டீன் போகாம இருந்தா காசு ரெடி!

கடைசியா ஒண்ணு...

அன்னிக்கு மகாபலிபுரம் போகல. பஞ்சர் போட்டோம். டயரோட உள்பக்கத்தைப் பார்த்துட்டு, ‘இது வேகத்துக்கு இனிமே ஆகாது தம்பி’ன்னு சொல்லி, அண்ணன் ஸ்டெப்னியை மாட்டிவிட்டார். மெதுவா வீடு வந்து சேர்ந்தோம். அப்பாகிட்ட சொல்லாம மறைச்சுடலாம்னுதான் முதல்ல நெனைச்சேன். ராத்திரி சாப்பிடும்போது தாங்கல, எல்லாத்தையும் கொட்டிட்டேன். சாவி இனிமே நம்ம கைக்கு வராதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.

அப்பா திட்டல. பாதிச் சாப்பாட்டுல எழுந்து கை கழுவிட்டு, டார்ச்சை எடுத்துக்கிட்டு கீழே போனார். நானும் பின்னாடியே போனேன். லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, டிரைவர் கதவைத் திறந்து, கண்ணாடியை மூக்குல இறக்கிவிட்டு அந்த ஸ்டிக்கரை ரொம்ப நேரம் படிச்சார்.

“பன்னெண்டு வருஷமா முப்பத்தஞ்சு போடுப்பான்னுதான்டா சொல்லிட்டிருக்கேன். யாரோ எப்பவோ சொன்னது. இது இங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுடா...”

அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. தங்கச்சிக்கு ஸ்கூல், பாட்டிக்கு ஆஸ்பத்திரி, திருப்பதி, சொந்தக்காரங்க கல்யாணம்னு அந்த வண்டியில யாரையெல்லாம் கூட்டிட்டுப் போனோம்னு அவரும் நெனைச்சிருப்பார்.

இப்போ ஒண்ணு விட்டு ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில ஆறு மணிக்கு நானும் அப்பாவும் பங்க்குக்குப் போறோம். அண்ணன் டியூபைக் கையில எடுத்துக்கிட்டு, ‘காத்து எவ்ளோ சார்?’னு கேட்பார். அப்பா பதில் சொல்லாம என்னைத்தான் பார்ப்பார். “நாலுலயும் முப்பதுண்ணே. ஸ்டெப்னியையும் ஒரு தடவை பாத்துடுங்க”ன்னு சொல்லுவேன்.

திரும்பி வரும்போது சாவி என் கையில. காபி அப்பா செலவு!

வரட்டா மக்களே... அடுத்த வாரம் பார்ப்போம். அதுக்குள்ள கீழே போய் அந்தக் கதவைத் திறந்து பாருங்க!